மூன்றாவது கடிதத்தில் யார் கையெழுத்து?

கண்ணால் பார்த்ததை ஒரு நாள் முழுக்க வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார் மஸ்ரிசால். அவருக்கு அது பழகிப்போன வேலை. பதினேழு வருடமாகப் பெண்டாட்டி வீட்டில் குடியிருக்கிற மனிதர்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பெகான்பாருவிலிருந்து தன் வாடகை வண்டியில் ஏழு பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் பாயாகும்புக்குள் நுழைந்தபோதுதான் அது நடந்தது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில், பள்ளிச் சீருடையில், பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றவள் அவருடைய மகள் நதீரா. பள்ளிக்கூடம் இருப்பது ஊரின் மறுகோடியில். வண்டியை நிறுத்தலாம் என்றால், பின்சீட்டில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே வந்தது. நிறுத்தவில்லை.

சாயங்காலம் நதீரா வழக்கமான நேரத்துக்கு வீடு வந்தாள். "இன்னிக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட், அபாக். செம கஷ்டம்" என்றாள்.

"அப்படியா" என்றார் தகப்பன். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய பையைத் திறந்தார். உள்ளே மடித்த கடிதம் ஒன்று. கடிதத்துக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னச் சீட்டுக்கட்டு.

இரண்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மனைவி எல்விதா லோந்தோங் அரிசி உருளையை வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டு, அதன் தலையில் பலாக்காய்க் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்தார்.

"என்ன இது?"

"படி."

"கை ஈரமா இருக்கு, ஊடா. நீங்களே சொல்லுங்க." புருஷனை ஊடா என்றுதான் கூப்பிடுவாள்.

"மூணாவது எச்சரிக்கை. பதினோரு நாளா உன் பொண்ணு ஸ்கூல் பக்கமே போகல. இன்னிக்குப் பத்து மணிக்குள்ள வந்து ஸ்டாம்ப் ஒட்டின உறுதிமொழியில கையெழுத்துப் போடணுமாம். இல்லைன்னா அவளைப் பெற்றோர்கிட்டயே திருப்பி ஒப்படைச்சுடுவாங்களாம்."

திருப்பி ஒப்படைப்பது என்பது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கும் நாகரிகமான பெயர். துரத்திவிடுவது என்று அர்த்தம்.

எல்விதா கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் வெளிறிப்போனது. ஆனாலும் கடிதத்தைத் தொடவில்லை. "டத்துக் அண்ணன்கிட்ட குடுத்துடுங்க. அவர் பாத்துப்பார்."

"மூணாவதுன்னா, மொத ரெண்டு எங்க போச்சு?"

"அவருக்குத்தான் போயிருக்கும். ஸ்கூல்ல சேக்கும்போது காப்பாளர்ங்கற எடத்துல அவர் பேரையும் நம்பரையும்தான் எழுதினேன்."

"என் பேர எழுதத் தோணல?"

"நீங்க பாதி நாள் ரோட்டுல இருக்கீங்க. அதோட காப்பாளர்னா மாமாக்தானே? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. தகப்பன் பேருன்னு தனியா ஒரு எடம் இருந்துச்சு. அதுல உங்க பேரு இருக்கு. போதாதா?"

போதாதா என்று கேட்டுவிட்டாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மினாங் ஊர்களில் வீடு பெண்ணுடையது, குலம் அம்மா வழி. பிள்ளையைக் கண்டிக்க, கல்யாணம் பேச, நிலத்துக்குப் பதில் சொல்ல மாமாக் இருக்கிறார், அம்மாவின் கூடப்பிறந்தவர். கட்டிக்கொண்டு வந்த புருஷன் மரியாதைக்குரிய விருந்தாளி. அவருக்கு முதல் தட்டில் சோறு வரும், மெத்தென்ற இடத்தில் உட்காரச் சொல்வார்கள், முடிவு எடுக்கும்போது மட்டும் வாசலில் கொஞ்சம் காற்று வாங்கச் சொல்வார்கள். எல்விதாவின் அண்ணன் பக்தியார் வெறும் மாமாக் கூட இல்லை, குலத்தலைவர். டத்துக் பட்டம் கட்டின நாளிலிருந்து பக்தியார் என்ற பெயரை யாரும் வாயில் எடுப்பதில்லை. எனக்கு அந்த மனிதரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இருந்தாலும் கதையை நேர்மையாகவே சொல்கிறேன்.

"ரெண்டு கடிதம் வந்தும் ஒரு வார்த்தை சொல்லலையே உங்க அண்ணன்?"

"டத்துக் செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்."

"இதுக்கும் ஒரு காரணம் இருக்குமா பாரு." சீட்டுக்கட்டை அவள் முன்னால் போட்டார்.

எல்விதா ரப்பர் பேண்டைக் கழற்றினாள். ஆஸ்பத்திரி வரிசைச் சீட்டுகள். தேதி, நேரம், நம்பர். பதினோரு சீட்டு, பதினோரு நாள்.

பதினாறு வயசுப் பெண், பள்ளிக்கூடத்தை ஏமாற்றிவிட்டுத் தினமும் ஆஸ்பத்திரி. எந்தத் தாயின் மனசு எங்கே ஓடும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்விதாவின் மனசும் அங்கேதான் ஓடியது. அந்த நேரம் பார்த்து நதீரா ஈரத்தலையோடு உள்ளே வந்தாள்.

பளாரென்று ஒரு அறை.

"யாருடி அவன்? எத்தனை மாசம்?"

நதீரா கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. மேசையில் கிடந்த சீட்டுகளைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கடைசியில் தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அபாக், நீங்களும் அதத்தான் நெனைக்கறீங்களா?"

மஸ்ரிசால் சீட்டுகளை அள்ளி மறுபடி ரப்பர் பேண்டைப் போட்டார். பையைத் திறந்த நிமிஷத்திலிருந்து அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றாள் நதீரா. "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க."

"வாயைப் பாரு! பதில் சொல்லுடி!"

"கேட்டுட்டு அடிச்சிருந்தா சொல்லியிருப்பேன். நீ அடிச்சுட்டுக் கேக்கற. இனிமே எதுக்குச் சொல்லணும்?"

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. எல்விதா கத்தினாள், அழுதாள், குர்ஆன் மேல் சத்தியம் செய் என்றாள். நதீரா சீருடையைப் போட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். லோந்தோங் ஆறிப்போனது. யாரும் தொடவில்லை.

எல்விதா அண்ணனுக்கு நாலு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

"நான் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றார் மஸ்ரிசால்.

"நீங்க போகாதீங்க, ஊடா. டீக்கடையில எல்லார் முன்னாடியும் நீங்க போய் நின்னா அவருக்கு அசிங்கம்."

"எனக்கு?"

எல்விதா ஆறிப்போன தட்டுகளை மூட ஆரம்பித்தாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீக்கடையில் டத்துக் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார். எதிரில் நுரை தளும்பும் முட்டைத் தேநீர். கூட மூன்று பேர். மேசையில் காய்கள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன. தலையில் கறுப்புத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. காலை எட்டு மணிக்கே ஏதோ விழாவுக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

"அடேடே, மாலின்! வாங்க, வாங்க. ஒக்காருங்க." பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பட்டப்பெயரால்தான் கூப்பிட வேண்டும், அதில் டத்துக் குறை வைக்கவே மாட்டார். "டேய், நம்ம மாலினுக்கு ஒரு டீ போடு. நிறையச் சக்கரை."

"டீ வேணாம், டத்துக். நதீரா விஷயமா வந்தேன்."

"வீட்டு விஷயத்தை வீட்டுல பேசலாமே."

"வீட்டுல பேச நாலு தடவை போன் போட்டோம்."

"அப்படியா? சைலண்ட்ல கெடந்திருக்கும்." டத்துக் ஒரு காயை வைத்தார். டக். "இதப் பாருங்க, மாலின். நீங்க வண்டிய நல்லா ஓட்டறீங்க, ஊருக்கே தெரியும். வண்டிய நீங்க ஓட்டுங்க. புள்ளைய நாங்க பாத்துக்கறோம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். மஸ்ரிசாலின் காது சிவந்தது. மூன்றாவது கடிதத்தை எடுத்து டொமினோ வரிசையின் நடுவில், காய்கள் கலைகிற மாதிரி வைத்தார்.

"பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?"

சிரிப்பு நின்றது. ஒரு மாப்பிள்ளை டீக்கடையில் வைத்து டத்துக்கின் ஆட்டத்தைக் கலைத்தது அந்தக் கடை பார்க்காத காட்சி. எதிர்வரிசையில் இருந்த பல் போன மனிதர் நிலைமையைச் சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இதுக்கெல்லாம் எதுக்கு டத்துக் கவலை? போன மாசம் மாதிரி ஸ்கூலுக்கே போய் இன்னொரு அறை விட்டுட்டு வாங்க. எல்லாம் சரியாயிடும்!"

டத்துக் அவரை ஒரு பார்வை பார்த்தார். மனிதர் டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்ன அறை?" என்றார் மஸ்ரிசால்.

"ஒண்ணுமில்ல. வாங்க, ஸ்கூலுக்குத்தானே? போகலாம்." டத்துக் எழுந்துவிட்டார். அவர் டீயைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்ததை அந்தக் கடைக்காரன் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தான்.

பள்ளியின் ஆலோசனை அறை சின்னது. மேசை, அலமாரி, நாலு நாற்காலி. மாணவர் ஆலோசகர் தெஸ்மா டீச்சர் ஐந்தாவது நாற்காலியைப் பக்கத்து அறையிலிருந்து இழுத்துவரச் சொன்னார். டத்துக் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். எல்விதா அவருக்கு வலப்பக்கம். மஸ்ரிசால் சுவரோரம். நதீரா கதவுக்குப் பக்கத்தில், பையை மடியில் கட்டிக்கொண்டு. ஒரு கன்னம் இன்னும் சிவந்திருந்தது, டீச்சர் அதைக் கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

"இதுக்கு முன்னாடி யாரையும் நான் பாத்ததில்ல" என்றார் டீச்சர். "டத்துக்கைத் தவிர. நீங்க அம்மாவா?"

"ஆமா, டீச்சர்."

"ரெண்டு வருஷமா இங்க படிக்கறா. இன்னிக்குத்தான் வரீங்க. அதுவும் மூணாவது கடிதத்தை நேத்து இவ கூடப் படிக்கற பொண்ணு கையில வீட்டுக்குக் குடுத்தனுப்பினதால."

எல்விதா கடுப்பானாள். "எல்லாத்துக்கும் எங்க அண்ணன் வராரே. குலத்தலைவர் வர்றப்ப நான் எதுக்கு?"

டீச்சர் கோப்பைத் திறந்து முதல் இரண்டு கடிதங்களின் பதில் நகலை மேசையில் வைத்தார். இரண்டிலும் டத்துக்கின் நெளிவுசுளிவான கையெழுத்து. முதலாவதில், 'பிள்ளைக்குக் காய்ச்சல்.' இரண்டாவதை மஸ்ரிசால் எட்டி எடுத்து மெதுவாகப் படித்தார்.

"'தகப்பன் வெளியூர்க்காரர். இந்தப் பிள்ளை விஷயத்தில் அவருக்குச் சம்பந்தமில்லை. பொறுப்பு என்னுடையது.'"

படித்து முடித்துக் காகிதத்தை டத்துக் முன்னால் தள்ளினார்.

"சம்பந்தமில்லையா?" மஸ்ரிசாலின் குரல் உயர்ந்தது. "பொறந்த அன்னிக்குக் காதுல பாங்கு சொன்னது யாரு? மஞ்சள் காமாலை வந்தப்ப வண்டிய அடமானம் வச்சது யாரு? சம்பந்தமில்லையாம்! எழுதறதுக்கு உங்க கை கூசல?"

"மாலின், டீச்சர் முன்னாடி சத்தம் போட வேணாம். மரியாதை."

"பதினேழு வருஷமா மரியாதைதான் தின்னுக்கிட்டு இருக்கேன். வயிறு நெறஞ்சு போச்சு, டத்துக்!"

"ஊடா!" என்று எல்விதா அதட்டினாள். புருஷனைத்தான் அதட்டினாள், அண்ணனை அல்ல. நான் அங்கே இருந்திருந்தால் அவள் தொடையில் கிள்ளியிருப்பேன்.

டத்துக் தொண்டையைச் செருமினார். "டீச்சர், பேனா குடுங்க. நான் கையெழுத்துப் போடறேன். திங்கட்கிழமையிலேர்ந்து புள்ள வருவா. முடிஞ்சுது விஷயம்."

"எதுக்காக அவ வரலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் டீச்சர்.

"கெட்ட சகவாசம்."

"அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

எல்விதா பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வீசினாள். "எனக்குத் தெரியும். இத பாருங்க. தெனம் ஆஸ்பத்திரி. நான் தலைகுனிஞ்சு உக்காந்திருக்கேன் டீச்சர், இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

தெஸ்மா டீச்சர் சீட்டுகளைப் புரட்டினார். பிறகு அன்று காலையிலிருந்து யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். நதீராவிடம் கேட்டார்.

"அங்க என்னம்மா பண்ணின?"

"உக்காந்திருந்தேன்."

"டாக்டரைப் பாத்தியா?"

"இல்ல. அங்க ஃபேன் இருக்கு, குடிக்கத் தண்ணி இருக்கு. சீருடையில இருந்தா, யாரோ நோயாளி கூட வந்த பொண்ணுன்னு நெனைச்சுக்குவாங்க. கையில சீட்டு இல்லைன்னா செக்யூரிட்டி எழுப்பி விட்டுருவார். அதான் தெனம் ஒண்ணு எடுத்தேன். நம்பர் கூப்பிடுவாங்க, எந்திரிக்க மாட்டேன். ரெண்டு மணி வரைக்கும் பாடப் புத்தகம் படிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"பொய்!" என்றாள் எல்விதா. ஆனால் குரலில் பாதி பலம் போய்விட்டது.

"அந்தப் பன்னெண்டாம் நம்பர் ஜன்னல்ல இருக்கற அக்காவைப் போய்க் கேளு. தெனம் என்னைப் பாத்து, 'ஒனக்கு யாருமா உள்ள இருக்காங்க?'ன்னு கேப்பாங்க. வீட்டுல அந்த மாதிரி யாரும் கேக்கல."

"ஏன் ஸ்கூலுக்கு வரல? அதச் சொல்லு!"

நதீரா டத்துக்கைப் பார்த்தாள். நேராக, கண் இமைக்காமல். எங்கள் ஊரில் மருமகள் மாமாக்கை அப்படிப் பார்க்கக் கூடாது.

"நீங்க சொல்றீங்களா, மாமாக்? நான் சொல்லட்டுமா?"

"வாய மூடு" என்றார் டத்துக்.

"போன மாசம் ஒரு திங்கட்கிழமை. மழை. பஸ் வரல. கூடப் படிக்கற பஹ்ரி தன்னோட பைக்ல ஏத்திக்கிட்டு வந்தான். வாசல்ல எறங்கறேன், மாமாக் நிக்கறார். கொடியேத்தறதுக்காக மொத்த ஸ்கூலும் வரிசையா நிக்குது. எல்லார் முன்னாடியும் அவனை அறைஞ்சார். ரெண்டு அறை. அவன் மூக்குலேர்ந்து ரத்தம். அப்புறம் என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைய நான் இங்க சொல்ல மாட்டேன். தொள்ளாயிரம் பேருக்குக் கேட்டுச்சு."

"அவன் நம்ம குலம்!" டத்துக் மேசையைத் தட்டினார். "ஒரே குலத்துப் பயலும் பொண்ணும் ஒரே பைக்ல ஒட்டிக்கிட்டு வந்தா ஊர் என்ன பேசும்? எனக்கென்ன பைத்தியமா? குலத்தைக் காப்பாத்தினேன்!"

"ஒரே குலம்னா எனக்கு அண்ணன்தானே, மாமாக்? அண்ணன் மழையில ஏத்திக்கிட்டு வந்தான். நீங்கதான் அதுல வேற ஒண்ணைப் பாத்தீங்க."

முறையை டத்துக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மஸ்ரிசால் சுவரோரம் இருந்து தன் மகளை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

தெஸ்மா டீச்சர் பெருமூச்சு விட்டார். "பஹ்ரி வேற ஸ்கூலுக்குப் போயிட்டான். அவங்க வீட்டுல புகார் குடுக்கல. குடுக்கணும்னா குலத்தலைவர்கிட்டதானே மொதல்ல போகணும்? அது இவர்தான்."

எல்விதா அண்ணன் பக்கம் திரும்பினாள். "இது நெஜமா?"

"ஊருக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதே! எங்கிட்ட யாரும் சொல்லலையே!"

"டத்துக்கோட தங்கச்சிகிட்ட யாரு சொல்லுவா?" என்றாள் நதீரா. "நான் சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? 'டத்துக் செஞ்சா அதுல ஒரு காரணம் இருக்கும்.' சரியா?"

காலையில் குழம்புக் கரண்டியோடு சொன்ன அதே வார்த்தை. அப்போது நதீரா குளியலறையில் இருந்தாள், காதில் விழுந்திருக்க வழியில்லை. அம்மாவை அவளுக்கு அவ்வளவு மனப்பாடம்.

மஸ்ரிசால் எழுந்தார். "பேனாவைக் குடுங்க டீச்சர். நான் தகப்பன். நான் போடறேன்."

"இவரு போட்டா செல்லாது" என்றார் டத்துக். "காப்பாளர்னு என் பேருதான் இருக்கு."

"மாத்தி எழுதுங்க!"

"எங்க குலத்துப் புள்ளைக்கு வெளி ஆள் கையெழுத்தா? மாலின், இதோட நிறுத்திக்குங்க. இல்ல, நீங்க உங்க அம்மா வீட்டுக்குப் போய்ச் சேரற மாதிரி ஆயிடும்."

பகிரங்கமான மிரட்டல். எங்கள் ஊரில் புருஷனைத் துரத்துவதற்கு வழக்கு தேவையில்லை, அவன் துணிப்பையை வாசலில் வைத்தால் போதும். மஸ்ரிசால் முஷ்டியை மடக்கினார். இன்னொரு அறை விழப்போகிறது என்று டீச்சர் பயந்துவிட்டார்.

"யார் போட்டாலும் நான் வர மாட்டேன்" என்றாள் நதீரா.

நாலு தலைகளும் திரும்பின.

"தொள்ளாயிரம் பேர் முன்னாடி அடிச்சார். தொள்ளாயிரம் பேர் முன்னாடி மன்னிப்புக் கேக்கணும். எங்கிட்டயும் பஹ்ரிகிட்டயும். திங்கட்கிழமை, கொடியேத்தறப்ப, மைக்ல. அப்ப வரேன். இல்லைன்னா என்னைத் திருப்பி ஒப்படைச்சுடுங்க டீச்சர். யாருகிட்ட ஒப்படைக்கறதுன்னு இவங்க மூணு பேரும் அடிச்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்."

டத்துக் சிரித்தார். வறண்ட சிரிப்பு. "பட்டம் கட்டின தலை இது. ஒரு சின்னப் பொண்ணுகிட்டக் குனியறதுக்கு இல்ல." பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். "நான் போடறேன். வரலைன்னா தூக்கிக்கிட்டு வந்து போடுவேன்."

பேனா காகிதத்தைத் தொடும் முன், எல்விதா காகிதத்தை உருவிக்கொண்டாள்.

"குடுங்க அத."

"எல்விதா?"

"பேனாவைக் குடுங்க, டத்துக்."

அவர் கொடுக்கவில்லை. டீச்சர் தன்னுடைய பேனாவை நீட்டினார். எல்விதா உறுதிமொழியை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பதினாறு வருடத்தில் பிள்ளை சம்பந்தமான ஒரு காகிதத்தை அவள் முழுசாகப் படித்தது இதுதான் முதல் தடவை. காப்பாளர் என்ற இடத்தில் அச்சடித்திருந்த அண்ணன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே தன் பெயரை எழுதினாள். கீழே காலியாக இருந்த இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்தாள். பிறகு பத்தாயிரம் ருப்பியா ஸ்டாம்ப் மேல் பாதி ஏறுகிற மாதிரி கையெழுத்துப் போட்டாள்.

டீச்சர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "'வருகிற திங்கட்கிழமை கொடியேற்றத்தில் டத்துக் பக்தியார் மன்னிப்புக் கேட்பார்.'"

"யாரைக் கேட்டு எழுதின?" டத்துக் எழுந்தே விட்டார். "நான் வரலைன்னா என்ன செய்வ?"

"நான் போய் மைக்கைப் பிடிப்பேன். 'எங்க டத்துக்குக்கு வாய் வரல, அவருக்குப் பதிலா அவர் தங்கச்சி மன்னிப்புக் கேக்கறேன்'னு சொல்லுவேன். தொள்ளாயிரம் பேருக்கும் கேக்கற மாதிரி. உங்களுக்கு எது வசதியோ அதப் பாத்துக்குங்க."

டத்துக்கின் முகம் கறுத்தது. தங்கை தன் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால், அப்புறம் அந்தத் தொப்பியை எந்தத் தலையில் வைப்பது? நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். கதவு படாரென்று அடித்தது. மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போன சத்தம் வெகுதூரம் கேட்டது.

மஸ்ரிசால் மனைவியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். "உங்க பேரையும் எழுதலாம்" என்றாள் கடுகடுப்பாக. "எடம் இருக்கு. வந்து போடுங்க." அவர் வந்து, அவள் பெயருக்குப் பக்கத்தில் நெருக்கிப் போட்டார். இடம் போதாமல் கடைசி எழுத்து கோணிக்கொண்டது.

"இன்னும் மூணு பீரியட் இருக்கு" என்றார் டீச்சர். "கிளாஸுக்குப் போறியாம்மா?"

"திங்கட்கிழமைக்கு அப்புறம். அது வரைக்கும் வெளியில அந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன். ஸ்கூலுக்குள்ளதானே இருக்கேன், ஆஜர்னு போட்டுக்குங்க." நதீரா எழுந்தாள். கதவருகே நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "மாமாக் திங்கட்கிழமை கேக்கப் போறார். நீ எப்ப?"

எல்விதாவுக்குச் சட்டென்று புரியவில்லை. மகள் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று ஆரம்பித்தாள் எல்விதா. பாதியில் நிறுத்தினாள். மேசையில் அந்தப் பதினோரு சீட்டும் கிடந்தன. "தப்புதான். கேக்காம அடிச்சேன். தப்பு பண்ணிட்டேன், நதீரா."

டீச்சருக்கும் கேட்டது, புருஷனுக்கும் கேட்டது, ஜன்னலுக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது.

"சரி, கேட்டுக்கிட்டேன்" என்றாள் நதீரா. "மன்னிச்சேன்னு நான் இன்னும் சொல்லல."

போய் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

எல்விதாவின் கைப்பை அதிர்ந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். குலத்துப் பெண்களில் மூத்தவள், டத்துக்கின் பெரியம்மா மகள். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. எல்விதாவின் வீட்டுக் கல்யாணம் முதல் மரணம் வரை இனி யார் முன்னால் நிற்பார்கள் என்பதை முடிவு செய்கிற போன் அது.

மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மஸ்ரிசால், "எடுக்காதே" என்றார்.

எல்விதா எடுத்தாள். அந்தப் பக்கம் கத்துகிற கத்தல் அறை முழுக்கக் கேட்டது. அவள் குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்க அந்தப் பெண் நிறுத்திய இடத்தில் மட்டும் பதில் சொன்னாள்.

"ஆமா. நான்தான் போட்டேன். என் பேர்லதான் போட்டேன்."